தொக்கம் எடுக்கும் வீட்டில்

கழற்றிப் போட்டிருக்கும் செருப்புகளைப் பார்த்தாலே தெரிகிறது, படித்தவர்களும் வந்திருக்கிறார்கள். நல்ல தோல் செருப்பு ஒன்று, காலையில் ஓடப் போகிறவர்கள் போடுகிற ஷூ ஒன்று, குதிகால் உயர்ந்த பெண்கள் செருப்பு ஒன்று. எல்லாம் மண்ணில் தாறுமாறாகக் கிடக்கின்றன, அவற்றோடு என்னுடையதும். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்துகிறவள் நான். வருஷா வருஷம் கரும்பலகையில் வாயில் ஆரம்பித்து ஆசனவாய் வரைக்கும் ஜீரண மண்டலத்தை வரைந்து, பெருங்குடலுக்கு மட்டும் ரோஸ் சாக்பீஸ் எடுத்துத் தீட்டுகிறவள். ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி துவைக்கிற நேரத்தில் நான் வந்து உட்கார்ந்திருக்கிற இடம், தொக்கம் எடுக்கிற வீடு. தின்றது ஏதாவது செரிக்காமல் குடலில் ஒட்டிக்கொண்டு விட்டால் அதற்குத் தொக்கம் என்று பெயராம். இந்த வீட்டம்மா வயிற்றின் மேல் ஒரு பித்தளைக் குழலை வைத்து, மறுமுனையில் வாயை வைத்து உறிஞ்சி, அதை வெளியே எடுத்துவிடுவாளாம். தோலைத் தாண்டி, கொழுப்பைத் தாண்டி, தசையைத் தாண்டி, குடல் சுவரையும் தாண்டி. ஓட்டை இல்லை, தையல் இல்லை, தழும்பு இல்லை. என் வகுப்பில் தட்டுத் தடுமாறி பாஸ் மார்க் வாங்குகிற பிள்ளைகூட இதைக் கேட்டால் சிரித்துவிடும். என் புருஷன் சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் டோக்கனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தேர்வு முடிவுக்குக் காத்திருக்கிற பையன் போல உட்கார்ந்திருக்கிறார். சென்னியப்பன். ஈரோட்டில் போர் மோட்டார் விற்கிற கடை முதலாளி. ஆயிரம் அடி ஆழத்தில் தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்தப் பம்பு அதை மேலே ஏற்றும் என்று ஊருக்கே சொல்லுகிற மனுஷனுக்கு, தன் வயிற்றின் மேல் குழாயை வைத்து உறிஞ்சினால் கறித்துண்டு வரும் என்று நம்பிக்கை.

வைகாசியில் பங்காளிகளுடைய குலதெய்வக் கோயிலில் கெடா விருந்து. அங்கே ஆரம்பித்தது இது. இப்போது ஆடி பிறந்துவிட்டது. வெயிலில் இலை போட்டு, குடல் வறுவல், ரத்தப் பொரியல், தலைக்கறி என்று ஒன்று விடாமல் போட்டார்கள். இவர்கள் வீட்டு ஆண்கள் சாப்பிடுகிறதைப் பார்க்க வேண்டும். நிமிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். எலும்பை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் பந்தி முழுக்கக் கேட்கும். இவர் முதல் பந்தியில் உட்கார்ந்து, மூன்றாம் பந்தியில் யாரோ கூப்பிட்டார்கள் என்று மறுபடியும் உட்கார்ந்தார். தண்ணீர் எங்கேயிருந்து வந்ததோ, லாரித் தொட்டியில் என்ன செத்துக் கிடந்ததோ, அன்று ராத்திரியே பங்காளி வீடுகள் அத்தனையிலும் வாந்தியும் பேதியும். மறு வாரமே எல்லோரும் எழுந்து நடமாடினார்கள், அடுத்த கெடா விருந்துக்கும் போய் வந்தார்கள். இவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கவில்லை என்றால் படுத்துக் கிடக்கிறார் என்று இல்லை. கடைக்குப் போகிறார், வருகிறார். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார். பால் ஆகவில்லை, பருப்பு ஆகவில்லை, நேற்று ஆன இட்லி இன்றைக்கு ஆகவில்லை. ஏப்பம் விடுகிறார், அதற்கு ஒரு கணக்கே இல்லை. சட்டையில் கழுத்துப் பட்டன் போட்டாலும் கழுத்து அதற்குள் தனியாக நிற்கிறது. அந்த இடைவெளியைத்தான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போதும் அதைத்தான் பார்க்கிறேன். ஒரு மனுஷனுக்குக் கழுத்து இளைக்குமா. இளைக்கும், எல்லாம் இளைக்கும், அதற்கெல்லாம் எத்தனையோ காரணம் இருக்கிறது, மோரும் கஞ்சியுமாகக் குடித்தால் யாருக்கும் இளைக்கத்தான் செய்யும். நான் ஏன் ஒரு கழுத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எதிர்ச் சுவரில் பார்ப்பதற்கு வேறு இருக்கிறது. நகைக்கடைக் காலண்டர், மஞ்சள் துணி கட்டின உண்டியல், பெரிய எழுத்தில் ஒரு போர்டு: பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வரவும், உள்ளே செல்போனில் படம் எடுக்கக் கூடாது. ஏன் எடுக்கக் கூடாதாம். ஆபரேஷன் தியேட்டரில்கூட இப்போதெல்லாம் வீடியோ எடுத்துக் கொடுக்கிறார்கள்.

"கிருமி எல்லாம் போயிருச்சுங்க மேடம், குடல்தான் இன்னும் பயந்துட்டு இருக்கு" என்றார் டாக்டர். நல்ல டாக்டர்தான், சின்னப் பையன். பேதி வந்து போனால் சில பேருக்குக் குடல் மாதக்கணக்கில் இப்படித்தான் கோணிக்கொண்டு நிற்குமாம், தானாகச் சரியாகுமாம். நானும் படித்திருக்கிறேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் குடலுக்குப் பயமாம். கேட்டுவிட்டு வந்த நாளிலிருந்து அந்த வார்த்தை போகவே மாட்டேன் என்கிறது. பாத்திரம் கழுவும்போது, விடைத்தாள் திருத்தும்போது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, பயந்துட்டு இருக்கு, பயந்துட்டு இருக்கு. யார் பயந்துகொண்டிருக்கிறார்கள். காலையில் இவர் கக்கூஸுக்குள் போய்க் கதவைச் சாத்தினால் நான் மிக்ஸியை நிறுத்திவிடுகிறேன். தேங்காய் பாதி அரைந்திருக்கும், அப்படியே நிறுத்திவிட்டு, கையில் மூடியோடு நின்று காது கொடுக்கிறேன். சத்தத்தை வைத்து என்ன தெரிந்துகொள்ளப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. தண்ணீர் ஊற்றுகிறார், நிறுத்துகிறார், மறுபடியும் ஊற்றுகிறார். ஏன் இரண்டாவது தடவை. கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகு, எம்.எஸ்ஸி. படித்த ஒருத்தி, புருஷனுடைய கக்கூஸ் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு அடுப்படியில் நிற்கிறாள் என்றால் அதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது. வெளியே வந்ததும் "எப்படீங்க" என்று கேட்கிறேன். "பரவால்ல" என்கிறார். என்ன பரவாயில்லை. எது பரவாயில்லை. மோட்டார் வாங்க வருகிறவனிடம் ஆம்பியர் எத்தனை, ஹெச்.பி. எத்தனை என்று அரை மணி நேரம் விளக்குகிற வாய்க்கு, சொந்த வயிற்றைப் பற்றிச் சொல்ல அந்த ஒரு வார்த்தைதான் இருக்கிறது.

மருந்தெல்லாம் தீர்ந்து மறுபடியும் போனபோது டாக்டர் இவருடைய அப்பாவைப் பற்றிக் கேட்டார். நான்தான் சொன்னேன், இவர் வாயைத் திறக்கவில்லை. உடனே அந்த டாக்டர் பையன் முகம் மாறாமல், குரலும் மாறாமல், "அப்ப எதுக்கும் உள்ள கேமரா விட்டு ஒரு தடவை பாத்துரலாம்" என்று எழுதிக் கொடுத்தான். முகம் மாறாமல் இருக்கக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். இவர் வீட்டுக்கு வந்ததும் முடியாது என்றுவிட்டார். பின்னாடி குழாய் விடுவதா, நானென்ன போர்க்கிணறா, என்று கடையில் வேலை செய்கிறவர்களிடம்கூடச் சொல்லிச் சிரித்திருக்கிறார். நான் விடவில்லை. சாப்பாடு போடும்போது சொன்னேன், விளக்கை அணைக்கும்போது சொன்னேன், கோயிலுக்குப் போகிற வழியில் சொன்னேன். கடைசியில் பேரத்துக்கு வந்தார். "ஒருக்கா எங்கூடத் தொக்கம் எடுக்க வா அம்மிணி. அதுலயும் கேக்கலீன்னா நீ சொல்ற எடத்துக்கு வந்து படுத்துக்கறேன்." சரி என்றேன். வேறு என்ன சொல்வது. ஆனால் கேட்டுவிடும், அதுதான் என் கவலையே. கேட்காமல் போனால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவேன். இவருக்குக் கேட்டுவிடும். குழாயை வைத்து எடுத்ததும் லேசாகிவிட்டது என்பார், நாலு நாளைக்கு நன்றாகச் சாப்பிடுவார், ஆடிக்கு விருந்து போடுங்கள் என்பார், கேமராவை மறந்துவிடு என்பார். அப்புறம் புரட்டாசி, அப்புறம் தீபாவளி. குடலுக்கு நாள் கிழமை தெரியுமா.

இவருடைய அக்கா பாவாயி முன்னால் போய் டோக்கன் போடுகிற பெண்ணிடம் பேசிக்கொண்டிருக்கிறார். என் நாத்தனார். எங்கள் பக்கத்தில் நங்கை என்று கூப்பிடுவோம். இந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சொன்ன புண்ணியவதி அவர்தான். "கெடா விருந்துல தின்னதுங், அப்ப இருந்தே தம்பிக்கு வவுறு சரியில்லீங்" என்று வாசலில் நுழையும்போதே ஊருக்கெல்லாம் கேட்கச் சொல்லியாயிற்று. இப்போது திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "திலகமணி, மூஞ்சிய அப்படி வெச்சுக்காத. நம்பிக்கையோட இருந்தாத்தான் எடுக்க வரும்" என்கிறார். "நான் எங்கீங் நங்கையா, சும்மாதான் உக்காந்திருக்கறேன்" என்கிறேன். வாய் ங், ங் என்று மரியாதையாகத்தான் முடிக்கிறது. உள்ளே வேறு ஓடிக்கொண்டிருக்கிறது. என் மூஞ்சியைப் பார்த்துப் பயந்து குடலுக்குள் கறித்துண்டு ஒளிந்துகொள்ளுமாம். எதிரில் கைக்குழந்தையோடு இருக்கிற பெண்ணிடம் நங்கை விசாரிக்கிறார். "பால் குடிக்க மாட்டேங்குதுங், குடிச்சாலும் கக்கீருதுங்" என்கிறாள் அந்தப் பெண். அழுது ஓய்ந்த கண். குழந்தையின் முழங்கையிலும் கழுத்திலும் மடிப்பு மடிப்பாகச் சதை, நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு ஒன்றுமில்லை, அந்தப் பெண்ணுக்குத்தான் தூக்கமில்லை. எழுந்து போய்ச் சொல்லலாம், குழந்தை என்றால் கக்கும் என்று. சொல்லவில்லை. யார் கேட்கப் போகிறார்கள். வயிறு என்று வந்துவிட்டால் மனுஷர்கள் எல்லோரும் ஒரே மாதிரி ஆகிவிடுகிறார்கள், தோல் செருப்பும் சரி, ஹவாய்ச் செருப்பும் சரி.

இவர் என் பக்கம் சாய்ந்து, "என்ன டீச்சரே, என்ன ஓடுது மண்டைல" என்கிறார். வேண்டுமென்றே கிளறுகிறார். காலையிலிருந்தே இப்படித்தான். காரில் வரும்போது, "சொல்லு, அந்தக் கொழாய்ல எப்படித்தான் எடுப்பாங்கன்னு நெனைக்கற" என்றார். "எப்படி எடுப்பாங்க, வாயில வெச்சுட்டு வந்து துப்புவாங்க" என்றேன். ஓட்டிக்கொண்டே வயிறு குலுங்கச் சிரித்தார். பின் சீட்டில் நங்கைக்குக் கோபம். இப்போது மறுபடியும் கேட்கிறார். "உங்க கடைல வேலைக்கு எடுத்துக்கங்க இந்தம்மாவ. ஆளு ஒண்ணு இருந்தாப் போதும், கரண்ட்டே வேண்டாம், ஒறிஞ்சே தண்ணி எடுத்துரலாம்" என்கிறேன். சிரிக்கிறார். சிரித்து முடித்ததும் கை தானாக இடது பக்கம் போய் வயிற்றில் நிற்கிறது, நான் பார்த்ததும் எடுத்துச் சட்டைப்பையைத் தடவுகிறார். "இன்னும் சொல்லு" என்கிறார். நான் சொல்லச் சொல்ல அவருக்கு என்னவோ தெம்பாக இருக்கிறது. எனக்கும்தான். ஏளனம் பண்ண ஆள் இருக்கிறவரைக்கும் ஒன்றும் தோன்றுவதில்லை. உண்டியலைச் சொன்னேன், போர்டைச் சொன்னேன், நங்கை காதில் விழாமல் நங்கையைச் சொன்னேன். வாய் ஓய்ந்ததும் மறுபடியும் அந்தக் கழுத்துதான். மறுபடியும் அந்தச் சட்டைதான்.

மாமனாருக்கும் வயிறு சரியில்லாமல்தான் ஆரம்பித்தது. சூடு என்றார்கள். இளநீர், வெந்தயம், விளக்கெண்ணெய், தொப்புளில் எண்ணெய். அவரும் தொக்கம் எடுத்துக்கொண்டு வந்தவர்தான், இந்த வீட்டிலா வேறு வீட்டிலா என்று தெரியவில்லை. வந்து கட்டிலில் உட்கார்ந்து, "இப்பத்தான் லேசா இருக்குது" என்று சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் அப்போது கல்யாணமாகி வந்த புதுசு. பெரிய மீசை, பெரிய குரல், மாட்டை அதட்டினால் பக்கத்துத் தோட்டத்து மாடும் நிற்கும். அந்தக் குரல் எப்படிப் போயிற்று என்றால் கொஞ்சம் கொஞ்சமாக, யாருக்கும் தெரியாமல் போயிற்று. கோயமுத்தூருக்குக் கொண்டுபோனபோது வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் அப்படியே மூடிவிட்டார்கள். இடது பக்கம், கீழே, பெருங்குடல் இறங்கித் திரும்புகிற இடம். அந்தப் படத்தை எத்தனை தடவை வரைந்திருக்கிறேன். ரோஸ் சாக்பீஸ் அந்தத் திருப்பத்துக்கு வரும்போது கை ஒரு நிமிஷம் நிற்கும், பிள்ளைகளுக்குத் தெரியாது, அடுத்த படத்துக்குப் போய்விடுவேன். அப்போதே யாராவது ஒருவர் அந்தக் கிழவரை உட்காரவைத்து, இதெல்லாம் பித்தலாட்டம், எழுந்து வாருங்கள் ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லியிருந்தால். யார் சொல்வது. அந்த வீட்டில் அத்தனை பேரும் நம்பிக்கைக்காரர்கள். நம்பிக்கை, நம்பிக்கை என்று சொல்லியே ஆளைக் கொண்டுபோய்ச் சுடுகாட்டில் வைத்தவர்கள், இப்போது மகனையும் அழைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள், கூட நானும் வந்திருக்கிறேன், டோக்கன் வாங்கிக்கொண்டு. சேச்சே, அதெல்லாம் இல்லை. அது வேறு, இது வேறு. இவருக்குக் கெடா விருந்தில் வந்தது. தேதி இருக்கிறது, காரணம் இருக்கிறது, கூடச் சாப்பிட்ட அத்தனை பேருக்கும் வந்தது. காரணம் தெரிந்த நோய் என்றால் பயமில்லை. மாமனாருக்குக் காரணமே கிடையாது, சும்மா வந்தது. இவருக்கு இருக்கிறது. லாரித் தண்ணீர். லாரித் தண்ணீர்தான்.

டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். உள்ளறை சின்னது, ஜன்னல் சாத்தியிருந்தது, ஊதுபத்திப் புகை. பலகைக் கட்டில் ஒன்று, பக்கத்தில் ஸ்டூலில் தண்ணீரோடு ஒரு எவர்சில்வர் கிண்ணம். அந்த அம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும். கழுத்தில் தடித்த சங்கிலி, நெற்றி நிறையத் திருநீறு, கண்ணில் நல்ல களைப்பு. காலையிலிருந்து எத்தனை வயிறு பார்த்திருப்பாள். "சட்டையக் கழட்டீட்டுப் படுங் சாமி" என்றாள். இவர் கழற்றினார். வீட்டில் இப்போதெல்லாம் பனியனைக் கழற்றுவதே இல்லை, குளித்தால் உள்ளேயே உடுத்திக்கொண்டு வருகிறார். விலா எலும்பு எண்ணுகிற மாதிரித் தெரிந்தது. தொப்பை இருந்த இடத்தில் தோல் மட்டும் கிடந்தது. இதை நான் பார்த்திருக்கவில்லை. எனக்குத் தெரியாமல் ஒரு உடம்பு என் வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்திருக்கிறது. நங்கை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நான் அந்த அம்மாவையே பார்த்தேன். கண்ணை எடுக்கக் கூடாது என்று முடிவு பண்ணிக்கொண்டு பார்த்தேன். சொம்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்துத் துப்பினாள். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள். ஒன்றுமில்லை. பிறகு முந்தானையால் உதட்டைத் துடைத்தாள். அங்கேதான். அந்தத் துடைப்பில்தான் ஏதோ வாய்க்குள் போயிற்று, விரல் ஒரு கணம் அதிகமாகவே வாயோரம் நின்றது, எனக்குத் தெரிந்துவிட்டது. பரீட்சை ஹாலில் எத்தனை முந்தானையும் எத்தனை கைக்குட்டையும் பார்த்தவள் நான். குழலைத் தொப்புளுக்கு மேலே வைத்தாள், குனிந்தாள், கன்னம் குழிய உறிஞ்சினாள். நிமிர்ந்து கிண்ணத்தில் துப்பினாள். தண்ணீரில் சாம்பல் நிறத்தில் ஒரு துணுக்கு மிதந்தது.

"பாத்துக்கங். கறித்துண்டுங். வெந்தும் வேகாம உள்ள போயிருக்குது" என்றாள். கெடா விருந்து என்று நங்கை வாசலிலேயே சொல்லிவிட்டாரில்லையா, அதனால் கறி. கல்யாண வீடு என்று சொல்லியிருந்தால் முந்திரிப் பருப்பு வந்திருக்கும். இத்தனை நாள் குடலில் கிடந்த கறிக்கு நார் இருக்குமா, நிறம் இருக்குமா, என்ன கேள்வி இது, எத்தனை மார்க் கேள்வி. நங்கை கைகூப்பினார். இவர் தலையைத் தூக்கிக் கிண்ணத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்த்துப் பார்த்தார். கண்ணில் அந்தக் காரில் வந்த சிரிப்பு தயாராக இருந்தது. நான் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுண்டுவிரல் நகம் அளவு. இவ்வளவுதானா. இத்தனை நாள் ஓடினதும், இளைத்ததும், மிக்ஸியை நிறுத்திவிட்டு நான் நின்றதும் இந்த ஒரு துணுக்குக்குத்தானா. இதுதான் என்று இருந்துவிட்டால் என்ன. பொய்தான், தெரியும், கண்ணால் பார்த்தேன், இருந்தாலும் இதுதான் என்று இருந்துவிட்டால் என்ன குறைந்துவிடும். இதோ வந்துவிட்டது, கிண்ணத்தில் கிடக்கிறது, கொட்டிவிடலாம். அந்த அம்மா குழலைத் துடைக்கப் போனாள். "இன்னொருக்கா பாருங்க" என்றேன். யாரோ சொன்ன மாதிரிக் கேட்டது. "ஏனுங், வந்துருச்சுங்களே" என்றாள். "இல்லைங்க, இன்னும் இருக்கும். இங்க பாருங்க. இந்தப் பக்கம்." என் கை அவர் வயிற்றின் மேல் இருந்தது. இடது பக்கம், கீழே. அழுத்தமாகவே வைத்திருந்தேன் போல, அவர் வயிறு ஒரு தடவை உள்ளே இழுத்தது. அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, என் விரலைத் தள்ளிவிட்டு அங்கே குழலை வைத்து உறிஞ்சினாள். கிண்ணத்தில் வெறும் எச்சில்தான் விழுந்தது. "ஒண்ணும் இல்லீங் தாயி. சுத்தமா இருக்குது." "நல்லாப் பாத்தீங்களா" என்றேன். "நல்லாப் பாத்துட்டனுங்." அந்தப் பொய்க்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றுகொண்டிருந்தேன், எப்போது பிடித்தேன் என்று தெரியவில்லை. இவர் எழுந்து உட்கார்ந்து சட்டையைப் போட ஆரம்பித்தார். சிரிப்பு போயிருந்தது.

நங்கை உண்டியலில் காசு போட்டுவிட்டு வருகிறேன் என்று நின்றுகொண்டார். நாங்கள் இரண்டு பேரும் வந்து காருக்குள் உட்கார்ந்தோம். வெயில் ஏறிவிட்டது, சீட்டு சுட்டது. சாவியைப் போட்டார், திருப்பவில்லை. லேசாக இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. ஏதாவது ஒன்றைச் சொல்லி அவரைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று தேடினேன். முந்தானையைச் சொல்லலாம், எங்கே ஒளித்தாள் என்று சொல்லலாம், எல்லாம் கையில்தான் இருந்தது, வாய் வரவில்லை. "எங்கய்யனுக்கு அங்கதான் இருந்துச்சு" என்றார். "தெரியுங்க" என்றேன். "நீ வெச்சியே கைய, அதே எடம்." ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நீ காலைல இருந்து பேசிப் பேசிச் சிரிச்சுட்டு இருந்தியா. அதுக்கு முந்தியும் அப்படித்தான் இருந்த. படிச்சவ, உனக்குத் தெரியாததா, ஏதாச்சு இருந்தா இவ இப்படிச் சிரிப்பாளான்னு நெனச்சுட்டு நானும் இருந்துட்டேன்." எனக்குக் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பயமாக இருந்தது, வெறும் பயம், அதன்மேல் போட்டு மூட என்னிடம் ஒரு வார்த்தைகூட மிச்சமில்லை. "நாளைக்குப் போலாம். அந்தக் கேமராவுக்கு" என்றார். "சரிங்க." "ரத்தம் போகுது அம்மிணி. டாக்டரு கேட்டதுக்கு இல்லைன்னுட்டேன்." கெடா விருந்துக்குப் பிறகு என்று சொல்லிவிடுங்கள், லாரித் தண்ணீருக்குப் பிறகு என்று சொல்லிவிடுங்கள், பேதி போய்ப் புண்ணாகியிருக்கும், எத்தனையோ பேருக்கு அப்படிப் போகும், என்று மனசுக்குள் அவரைக் கெஞ்சிக்கொண்டே, "எப்ப இருந்துங்க" என்று கேட்டேன். நங்கை திருநீற்றுப் பொட்டலத்தோடு வெயிலில் எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தார். அவர் வந்து சேருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தவர் மாதிரி இவர் அவசரமாகச் சொன்னார். "தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போனமே. அப்பவே."